இரும்புக்கு வாங்கிய ஒரு காசு

நலம் சூழ்க. மழை முறை தவறாததும் உப்பளம் வெண்மை குன்றாததுமாகிய நெடுங்கழி நாட்டின் கழிகளுக்கும் துறைகளுக்கும் காவல் பூண்ட கோமான், அலைதாங்கி பரிதிவளவர், தலைநகர் அரண்மனையிலிருந்து விடுக்கும் ஓலை. சங்குவாய்த் துறையின் சுங்கத் தலைமை பூண்ட காவிதியும், 'நிறைகோல் சாயாதவர்' என்று இவ்வவையில் பட்டம் பெற்றவருமாகிய பொன்னரையர் காண்க. உம் துறையில் கலங்கள் நிறைக. உம் மனையில் விளக்கு நிலைக்க. உம்மோடு பணி செய்வார் யாவரும் நோயின்றி இருக்க.

இதை எழுதுவோன் அரசவையில் சுங்க வழக்கு உரைக்கும் சேந்தன். ஓலை அரசருடையது ஆகையால், தன்னையும் பிறரைப் போலவே பெயர் சொல்லி எழுதுகிறான். நடந்ததை நடந்தபடி எழுதுக, சாட்சிகளின் வாய்மொழியைத் திருத்தாது எழுதுக, காவிதி படித்துத் தெளியட்டும் என்பது அரசர் கட்டளை.

கடல் கடந்து வரும் பொருளுக்கு விற்றவன் ஒரு விலை சொல்வான். வாங்கியவன் ஒரு விலை சொல்வான். துறை வேறொன்று சொல்லும். இவற்றுள் மெய்விலை எது என்று நூலும் சான்றும் கொண்டு காட்டுவது சேந்தனின் தொழில். சென்ற கார்காலத்தில் அவன் மனைவி இறந்தாள். அதன்பின் அவன் அவைக்கு வரவில்லை. வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. அரசர் ஆளனுப்பினார். வந்தான். வழக்கின்மேல் ஆர்வம் கொண்டு வரவில்லை. மறுப்பதற்கும் கொஞ்சம் வலு வேண்டும். அது அவனிடம் இல்லை.

வழக்கை நீர் அறிவீர். உம் துறையூரில் கத்திகளுக்குப் பிடி போட்டு விற்பவள் தத்தை. அவள் அண்ணன் கோடன் கருந்தீவில் உலை வைத்திருந்தான். ஆண்டுதோறும் ஒரு கட்டுக் கத்தி அலகுகளைத் தங்கைக்குக் கொண்டுவந்து, ஒரு காசு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவான். சிறு கட்டு, ஆதலால் துறையார் கேட்டதில்லை. இம்முறை உலைப்பொறி தெறித்து அவனுக்கு இரு கண்ணும் போயின. தீவில் அவனுக்கு வேறு யாரும் இல்லை. படகோட்டி ஒருவனை அமர்த்தி, எஞ்சிய அலகுகளையெல்லாம் படகில் ஏற்றிக்கொண்டு, தங்கை வீட்டோடு இருந்துவிட வந்தான். தத்தை தோணியில் அப்படகுக்குச் சென்று, வழக்கம்போல் ஒரு காசு கொடுத்து, அலகுகளைக் கரைக்குக் கொண்டுவந்தாள். என்ன கொடுத்தாய் என்று துறையார் கேட்டனர். ஒரு காசு என்றாள்.

சந்தை விலையில் பாதிக்கும் கீழாகச் சொல்வது பொய்விலை. பொய்விலை சொன்னால் பொருள் பறிமுதல். விற்றவனுக்கு இந்நாட்டுக் கரையே விலக்கு. இது சட்டம். நீர் சட்டப்படி செய்தீர். அலகுகள் உம் பண்டசாலையில் இருக்கின்றன. கோடன் கரைக்கு எதிரே படகில் இருக்கிறான். காற்று மாறியதும் அவனைத் தீவுக்கே திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்து, அதற்கு அரச ஒப்புதல் கேட்டு உம் கணக்கர் விடங்கனை அனுப்பினீர். அவருக்குப் பின்னாலேயே தத்தையும் வண்டியேறித் தலைநகர் வந்தாள்.

அவை கூடுமுன் சேந்தன் அவளை அழைத்து, வழக்கை முடிக்க எளிய வழி உண்டு என்றான். உடன்பிறந்தார் தரும் கொடைக்கு இந்நாட்டில் சுங்கம் இல்லை. அண்ணன் இவற்றைக் கொடையாகத் தந்தான் என்று அவையில் சொல். அந்தக் காசைப் பற்றிப் பேசாதே. இன்றே அவனைக் கரையேற்ற ஆணை பெறலாம் என்றான்.

"அது ஆகாதுங்க ஐயா," என்றாள் தத்தை. "இரும்பைச் சும்மா வாங்கினா உறவு அறுந்துபோகும். அதுக்குத்தானே காசு. சும்மா கொடுத்தான்னு என் வாயால சொல்லமாட்டேன்."

சொன்னால் அண்ணன் வீட்டுக்கு வருவான், சொல்லாவிட்டால் தீவுக்குப் போவான் என்று சேந்தன் மறுபடியும் எடுத்துரைத்தான்.

"உறவை அறுத்துட்டு அவன் என் வீட்டுக்கு எந்த முறையில வருவான்? விருந்தாளியாவா?"

சேந்தனுக்குச் சினம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிறகு கட்டி வைத்த ஏடுகளை மீண்டும் அவிழ்த்தான்.

அவையில் உம் கணக்கர் திறமையாகவே வழக்குரைத்தார். அதை மறைப்பதற்கில்லை. நடுவில் தத்தையை நோக்கி, "ஒரு படகுக் கத்தியை ஒரு காசுக்குக் கொடுக்கிற அண்ணன் எந்தத் தீவுல கிடைப்பான், சொல்லும்மா. எனக்கும் கூடப்பிறந்தவங்க இருக்காங்க. ஒருத்தியும் மோரைக்கூடச் சும்மா ஊத்தமாட்டா," என்றார்.

"அது போய்க் கேக்கிற முகத்தைப் பொறுத்ததுங்க," என்றாள் தத்தை.

அவை சிரித்தது. அரசரும் சிரித்தார். சிரிப்பு அடங்கும்வரை சேந்தன் நின்றான்.

பிறகு அவன் சொன்னது இது. பொய்விலை என்பதற்கு இரண்டு வேண்டும்: விலை குறைவாக இருக்க வேண்டும், சொன்னவர் மெய்யான விலையை மறைத்திருக்க வேண்டும். தத்தை எதையும் மறைக்கவில்லை. என்ன கொடுத்தாய் என்றார்கள், கொடுத்ததைச் சொன்னாள். அந்தக் காசு விலையே அன்று. இரும்பு கைமாறும்போது உறவு அறாதிருக்க இந்நாட்டார் போடும் முடிச்சு. இதை அறியாதவர் இவ்வவையில் இல்லை. என் மனைவி இல்லம் புகுந்த நாளில் அவள் தாய் கொடுத்தனுப்பிய அரிவாள்மணைக்கு நானும் ஒரு காசு கொடுத்தேன். அரிவாள்மணையின் விலை ஒரு காசு என்று அன்று எவரும் எண்ணவில்லை. அது இப்போது அடுக்களையில் சும்மா கிடக்கிறது.

கடைசிச் சொற்றொடர் வழக்குக்கு வேண்டாதது. ஏன் சொன்னான் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பின்பு விடங்கன், குரலைத் தாழ்த்தி, இதை ஏற்றால் நாளை ஒவ்வொரு வணிகனும் அண்ணன் என்றும் தங்கை என்றும் சொல்லிக்கொண்டு ஒரு காசோடு வந்து நிற்பானே என்று கேட்டார். கேள்வி நியாயமானது. சேந்தன் விடை சொன்னான். வந்து நிற்கட்டும். உறவினர்க்குள் சொல்லும் விலையைத் துறை நம்ப வேண்டா. பொய் என்று தண்டிக்கவும் வேண்டா. அதைத் தள்ளிவைத்துவிட்டு, அதே ஊரிலிருந்து அதே காற்றில் வந்த அதே தரப் பொருளை, உறவில்லாதவர் என்ன விலைக்கு வாங்கினார் என்று பார்க்க வேண்டும். கருந்தீவு அலகுகளை இந்தப் பருவத்திலேயே வேறொரு வணிகர் சங்குவாயில் இறக்கினார். அவர் சொன்ன விலையைத் துறை ஏற்றது. அதே விலையைத் தத்தையின் அலகுகளுக்கும் வைத்துச் சுங்கம் கொள்க. அண்ணன் என்று பொய் சொல்பவனுக்கு இதில் ஓர் ஆதாயமும் இல்லை. ஆகவே எவனும் சொல்லமாட்டான்.

அரசர் விடங்கனைப் பார்த்தார். மறுக்க ஒன்றுமில்லை என்றார் விடங்கன். அரசர் தத்தையைப் பார்த்தார்.

"சுங்கம் கட்டுறேன் சாமி," என்றாள் அவள். "காசா கேட்டா இல்ல. அலகா எடுத்துக்கட்டும். கட்டின பிறகு அது என் அண்ணன்கிட்ட நான் வாங்கினதுதானே?"

வாங்கியதுதான் என்றார் அரசர்.

ஆகவே பொன்னரையரே, அரசர் ஆணை இது. தத்தைமேல் சாட்டிய பொய்விலைக் குற்றம் நீங்கியது. அவள் அலகுகளுக்கு ஒத்த பொருளின் விலை கண்டு, அதற்குரிய சுங்கத்தை அலகாகவே கொண்டு, மற்றவற்றை அவளிடம் ஒப்படைக்க. இனி உம் துறையில் பொருள் இறக்குவோரிடம், என்ன கொடுத்தாய் என்று மட்டும் கேட்டு நிறுத்தற்க. விற்றவர் உனக்கு யார் என்றும் கேட்க. உறவினர் எனின் மேற்சொன்ன முறையே கொள்க. இரும்புக்குத் தரும் காசை எந்தத் துறையாரும் விலையாக எழுதற்க. உம்மேல் அரசர்க்கு வருத்தம் இல்லை. சட்டத்தில் இல்லாததை நீர் செய்யவில்லை.

கோடனுக்கு இட்ட கரைவிலக்கும் நீங்கியது. இவ்வோலை ஏந்தி வரும் குதிரைவீரனுக்குப் பின்னே தத்தை வண்டியில் வருகிறாள். அவள் வந்து சேரும்வரை அவனுக்குப் படகிலேயே நன்னீரும் சோறும் கொடுத்து, கரைவிலக்கு நீங்கிய செய்தியை உரக்கச் சொல்லுக. அவன் கண் காணாதவன். அவள் வந்ததும் அவளையே படகுக்கு அனுப்புக. கை பிடித்து இறக்குவது அவளாகவே இருக்கட்டும்.

ஞாயிறும் திங்களும் உள்ளவரை இவ்வாணை நிற்க என்று முடிப்பது மரபு. அவ்வாறே எழுதவா என்று சேந்தன் கேட்டான். சுங்க முறைக்கு அப்படியே எழுது, அந்த மனிதனுக்கு எது வேண்டுமோ அதை எழுது என்றார் அரசர். எனவே, சுங்க முறை ஞாயிறும் திங்களும் உள்ளவரை நிற்க. கோடன் காற்று மாறுவதற்குள் கரையேறுக.

அரசர் திருமுன் படித்துக் காட்டி, அலை இலச்சினை இட்டது. எழுதினேன் சேந்தன்.