தாம்பாளத்துக்கு ஆகாத பிரஷ்

மாப்பிள்ளை சுந்தரபாண்டிக்கு,

நீ எனக்குத் தர வேண்டியது நானூற்று எண்பது ரூபாய். என் மகள் மாரீஸ்வரிக்குத் தாய்மாமன் சீராகப் பிரஷ் வாங்கப் போறேன் என்று வாங்கிப் போனாய். வாங்கி வந்தது தண்ணிக் கலருக்கு ஆகிற பூனைமுடி. பிள்ளை வரைவது ஆயில் பெயிண்ட். அது களி மாதிரி இருக்கும், முடி விறைப்பாக இருந்தால்தான் இழுக்கும். இருபது வருசமாகச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

கடைக்காரர் நல்லதைத்தான் முதலில் காட்டினாராம். "பன்னி முடியா? சாமி முன்னால வைக்கிற தாம்பாளத்துல அத எப்படிய்யா வைக்க?" என்றாயாம். போன ஞாயிறு வெண்பன்றிக் கறிக்கு மூன்று தடவை சோறு வாங்கின வாய் அது.

நல்ல பிரஷ் ஆறு வாங்கி அரிசிப் பானை மேல் வைத்திருக்கிறேன். சாயங்காலம் பிள்ளை காலேஜ் ஹாஸ்டலுக்கு பஸ் ஏறுமுன் உன் கையால் கொடு. நான் வாங்கியதாகச் சொல்லாதே. மாமனுக்கும் விவரம் தெரியும் என்று நினைத்துப் போகட்டும். எனக்குப் பரளச்சியில் வேலை, வர முடியாது.

சோறு இருக்கிறது. மோரைப் பிள்ளைக்கு வை.

பிறகு, அந்த நானூற்று எண்பதை விட்டுவிட்டேன். அதற்காக உன் பின்னால் அலைகிற நேரத்தில் இன்னொரு வீட்டுக்கு வெள்ளையடித்துவிடுவேன்.