சௌனாவுக்கு முன் ஒரு முடிவு

நவம்பர் 7, 2016
காலை முழுக்க ஈரப்பனி. நகராட்சி மேலாளர் ரெயோ சொல்லிவிட்டார்: வரும் ஆண்டில் சாலைப் பனியைத் தள்ள இரண்டாவது வண்டி, இல்லையென்றால் முதியவர்களின் வீடுகளுக்கு மாலை வருகை. இரண்டுக்கும் பணமில்லை. வண்டி இல்போவின் சாலைப் பிரிவு கேட்பது. மாலை வருகை என் பிரிவு. வண்டி வாங்கினால், என் பிரிவுப் பணிப்பெண்கள் நேரில் போகாமல் வீடியோத் திரையில் முகம் காட்டினால் போதுமாம். திரையா கிழவர்களின் காலுறையைக் கழற்றிவிடும்?

நவம்பர் 9
நாங்கள் மாலையில் போகும் முதியவர் வெய்க்கோவைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். தனியாள், மாலையில் யாராவது படுக்கவைக்காவிட்டால் முதியோர் இல்லம்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "அங்க என் ஜன்னல் இருக்காதே," என்றார்.

நவம்பர் 12
பெண் என்பதால்தான் இதைப் பிடித்துத் தொங்குகிறேனா? இல்போ அப்படித்தான் நினைக்கிறான். "மார்கெத்தா, நீ எல்லாத்தையும் மனசுல எடுத்துக்கற." வண்டியைப் பற்றிப் பேசினால் அவனுக்கும்தான் குரல் கம்முகிறது — அவன் உணர்ச்சிக்கு மட்டும் பெயர் தொழில்நுட்பம். ஆம்புலன்ஸ் போக வழி வேண்டாமா என்கிறான், அதுவும் பொய்யில்லை. சாலைப் பிரிவில் வேலை பார்த்திருந்தால் நானும் வண்டியைத்தான் கேட்டிருப்பேனோ? அங்கே எந்தப் பெண்ணை விட்டார்கள், தெரிந்துகொள்ள!

நவம்பர் 16
நாளை ஏரிக்கரைக் குடிலில் கூட்டம். வருடாவருடம் இதே கூத்து. பேசுவோம், முடிவெடுக்காமல் எழுந்திருப்போம், ஆண்கள் முதலில் சௌனா என்ற நீராவிக் குளியலறைக்குள் போவார்கள். ஆவியில் சிவந்து வெளியே வரும்போது முடிவும் வெந்திருக்கும். மேற்பார்வையாளர்களில் நான் ஒருத்திதான் பெண். குளிக்க என் முறை வரும்போது சுவரோடுதான் பேச வேண்டும்.

நவம்பர் 17
செய்துவிட்டேன். ரெயோ துண்டை எடுத்ததும், "முடிவு இங்கயே, உடுப்போட. அப்புறம் குளிங்க," என்றேன்.

இல்போ சிரித்தான். "சௌனா அடுப்பு ஆறிடும்."

"ஆறட்டும்."

ஃபின்லாந்து ஆம்பளைக்கு இதைவிடத் தண்டனை உண்டா? அத்தனை பேரும் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வெய்க்கோ சொன்னதைச் சொன்னேன், கதவிலிருந்து கண் நகரவில்லை. இல்லத்தில் ஒரு படுக்கைக்கு மாலை வருகையைவிடச் செலவு அதிகம் என்றேன், உடனே நிமிர்ந்தார்கள். போங்கடா! கடைசியில் இல்போதான் சொன்னான், பழைய ஒற்றை வண்டியையே இன்னொரு குளிர்காலம் ஓட்டிப் பார்ப்பதாக. முகம் கொடுத்துச் சொல்லவில்லை.

நவம்பர் 18
நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜனவரி 11, 2017
கடும் பனி. வெய்க்கோவிடம் போகும் ஹெய்னி ஃபோன் செய்தாள். பாதை அடைத்துக் கிடந்ததால் காரை விட்டுவிட்டு நடந்தே போனாளாம். தாமதத்துக்கு வெய்க்கோ நன்றாகத் திட்டித் தீர்த்துவிட்டு, காலுறையைக் கழற்றக் காலை நீட்டினாராம். இரண்டாவது வண்டி இருந்திருந்தால் அவள் நடந்திருக்க வேண்டாம். அதை நினைத்தபடியே இல்போவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்" என்பான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"அவ எத்தன மணிக்குப் போவா?" என்று கேட்டான். "அதுக்கு முன்னாடி அந்தப் பாதைய முடிச்சிடறேன்."