உன் சைக்கிளுக்கு இரண்டாவது பம்ப்

வெள்ளவத்தையில் காலி வீதியோரச் சைக்கிள் கடைக்குள் இன்று காலை நுழைந்ததும் புது ரப்பர் மணம் முகத்தில் அடித்தது. உன் கைப்பையைத் திறந்தால் வருகிற மணம். சீப்புக்கும் குடைக்கும் நடுவில் எப்போதும் ஒரு புது சைக்கிள் ரியூப்பைச் சுருட்டி வைத்திருப்பாய். என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டதும், காற்றடிக்கிற பம்ப் என்றேன். அழவில்லை. அழுவதற்கு இன்று நேரமில்லை என்று புறப்படும்போதே முடிவு செய்திருந்தேன்.

நேற்று உன் அம்மா கொட்டாஞ்சேனையிலிருந்து அழைத்தார்.

"பிள்ளை, அவளின்ர சைக்கிளை நாளைக்கு மத்தியானம் பழைய இரும்புக்காரன் வந்து எடுக்கிறான். உமக்குச் சொல்லாமல் குடுக்க மனம் கேக்கேல்லை."

"ஏன் அன்ரி இரும்புக்கு?"

"காத்து நிக்குதில்லை. நானும் ஒவ்வொரு ஞாயிறும் பூசையால வந்து அடிச்சுத்தான் பாத்தன். எவ்வளவு அடிச்சாலும் சில்லு இறுகுதில்லை, அமத்தினால் சூம்புது. அவளோட அதுவும் போயிட்டுது எண்டு விட்டிட்டன்."

ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்ப் பதினொரு மாதம். காற்றில்லாமல் நிறுத்தி வைத்தால் ரயர் வெடிப்பு விழுந்து கெட்டுவிடும் என்று நீ எப்போதோ சொன்னதை நம்பி, அத்தனை ஞாயிறும் முழங்கால் நோவோடு அவர் குனிந்து காற்றடித்திருக்கிறார். எந்தப் பம்பால் அடித்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. அது உன் பிறந்தநாளுக்கு நான் வாங்கித் தந்தது.

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருடம் அது. பஸ் வருமா வராதா என்று நாங்கள் எல்லோரும் வானம் பார்த்துக்கொண்டிருந்தபோது, நீ ஒரு பழைய சைக்கிளை வாங்கி, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை மிதித்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தாய். வியர்வையோடு எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து மொழிபெயர்க்கத் தொடங்குவாய். உனக்கு ஒரு பம்ப் வாங்கித் தரவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கடையில் இரண்டு வகை இருந்தன. பளபளப்பான பெட்டியும் அளவு காட்டும் முள்ளும் உள்ள மலிவானதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டே கிழமையில் அதை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, பின்வாசலில் வைத்து எனக்கு விளக்கம் சொன்னாய்.

"இந்த வாயை விரலால பொத்திக்கொண்டு கைப்பிடியை அமத்து. நல்ல பம்ப் எண்டால் திமிறி மேல வரும். இது பார், தியானத்தில இருக்கிற மாதிரி இறங்குது."

"பெட்டியில நல்லாத்தான் போட்டிருந்தது."

"புத்தகம் எடுக்கப் போனால் அரை மணித்தியாலம் நிண்டு புரட்டுறாய். பம்ப் எடுக்க மட்டும் அட்டையைப் பாத்திட்டு வந்திட்டாய், என்ன?"

நான் சிரித்தேன். வேறொன்று வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். பிறகு பெற்றோல் வந்தது, பஸ் வந்தது, நான் மறந்துபோனேன்.

இன்று கடைக்காரர் அதே மாதிரி இரண்டை மேசையில் வைத்தார். ஒன்று நீல நிறம், பிளாஸ்டிக் அடி, பெரிய முள். மற்றது கறுத்த இரும்பு, அகன்ற பாதம், தடித்த குழாய். முள்ளும் இல்லை, பெட்டியும் இல்லை. விலை மட்டும் மூன்று மடங்கு. "மேக்க லாபய், நங்கி" என்று சிங்களத்தில் சொல்லி நீலத்தைத் தள்ளினார், இது மலிவு தங்கச்சி என்று. நான் அதன் வாயைப் பொத்தி அமத்தினேன். சத்தமில்லாமல் அடிவரை போனது. கறுப்பை அமத்தினேன். பாதியில் நின்று, கையை விட்டதும் துள்ளி மேலே வந்தது. கடைக்காரர் சிரித்தார். "நங்கி தன்னவனே!" தங்கச்சிக்குத் தெரியும்போல. ஆம், எனக்குத் தெரியும். மிகவும் பிந்தித்தான் தெரியும்.

பஸ்ஸில் கறுப்புப் பம்பை மடியில் வைத்துக்கொண்டு போகையில்தான் பயம் பிடித்தது. பழைய பம்பில் பிழையில்லாமல், உண்மையிலேயே ரியூப் உக்கிப்போயிருந்தால்? அம்மாவுக்கு நம்பிக்கை கொடுத்து, அவர் முன்னாலேயே அது மறுபடியும் சூம்பினால்? இறங்கித் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். இரும்புக்காரன் வருவதற்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. இறங்கவில்லை.

உன் சைக்கிள் நடையில் பழைய படுக்கை விரிப்பால் மூடி நின்றது. பக்கத்தில் நான் தந்த பம்ப், துடைத்து வைத்தபடி.

"புதுசு எதுக்குப் பிள்ளை? ஒண்டு கிடக்குத்தானே."

"அன்ரி, அந்தப் பம்ப் நான் வாங்கிக் குடுத்தது. அது கூடாது. சைக்கிளில பிழை இருக்காது எண்டு நினைக்கிறன்."

அவர் என்னையும் பம்பையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல பம்ப் எண்டெல்லோ அவள் சொன்னவள்! என்ர சிநேகிதி தேடி எடுத்தது, ஊரில இப்பிடி ஒண்டு இல்லை எண்டு. அதாலதானே நான் சைக்கிளைப் பிழை சொன்னனான்."

என் முகத்துக்கு நேரே அவ்வளவு நக்கலடித்த நீ, வீட்டில் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பொய்யை நம்பித்தான் உன் அம்மா பதினொரு மாதம் குனிந்திருக்கிறார். உன்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே அடிக்கத் தொடங்கினேன்.

முன்சில்லு பதினைந்து அடியில் கல்லாகிவிட்டது. பின்சில்லுக்கு இன்னும் கொஞ்சம். காற்றுப் போகும் வால்கட்டையில் அன்ரி எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தார். குமிழி வரவில்லை. அதற்கும் அவர் நம்பவில்லை. தேத்தண்ணி ஊற்றி வந்து, இருவரும் சைக்கிளைப் பார்த்தபடி இருந்தோம், சோதனை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்ப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பார். "இன்னும் நிக்குது," என்பார், யாரிடமோ முறைப்பாடு சொல்வதுபோல.

இரும்புக்காரன் வாசலில் மணியடித்தபோது அவர் கடைசியாக ஒருமுறை அமத்தினார். பிறகு எழுந்து போய் "எபா, எபா" என்று சிங்களத்தில் வேண்டாமென்று கையசைத்தார். "மனிசன் வெயிலுக்குள்ளால வந்தது, சும்மா அனுப்பக் கூடாது" என்று திரும்பி வந்து, என் பழைய பம்பைத் தூக்கி அவன் வண்டியில் போட்டார்.

பிறகு சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"நீர் இதை ஓடுவீரோ, இல்லாட்டி அங்க கொண்டுபோய்ச் சாத்தி வைப்பீரோ?"

"ஓடுவன், அன்ரி. வேலைக்கு இதிலதான் போவன்."

"அப்ப கொண்டு போம். புதுப் பம்ப் இங்க நிக்கட்டும். ஞாயிறில ஓடி வாரும், நான் அடிச்சு விடுறன்."

நீ இருந்தபோது அலுவலக ஒழுங்கைக்குள் மட்டும் ஓடிப் பழகியவள் நான். இன்று துறைமுகப் பக்கத்துக் கொள்கலன் லொறிகளுக்கு இடையிலும், காலிமுகத்திடலின் எதிர்க்காற்றிலும், ஹோர்ன் அடித்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒதுங்காமல் ஓடினேன். நீ என்னைப் பற்றி வீட்டில் சொல்லி வைத்த அந்தப் பொய், இனி நான் உண்மையாக்க வேண்டிய வேலை. அதைத் தூக்கிக்கொண்டுதான் வந்தேன்.

தொடை இரண்டும் நோகின்றன. ஞாயிற்றுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது.