மன்னிப்புக்கு ஐந்து நிமிடம்

சிதம்பரம்,
9 மே 2007

அன்புள்ள மனைவிக்கு,

பலா பழுக்கும் காலம். பண்ருட்டியில் உன் அண்ணன் வீட்டிலேயே இன்னும் சில நாள் இரு. உன் தையல் மிஷினைச் சனிக்கிழமை அங்கே அனுப்பிவிடுகிறேன். ஏன் என்று அண்ணன் கேட்டால், ஓய்வில் பொழுது போக வேண்டுமே என்று சொல்.

நம் சபைக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நிற்கும் சாதிச் சுவரை இடிக்கச் சொல்லிப் பிரசங்கித்தேன் அல்லவா? உயிர்த்தெழும் நாளில் தலித் விசுவாசிகள் மட்டும் சுவரேறிக் குதிக்க வேண்டியிருக்குமே என்று கவலைப்பட்டேன். அந்தக் கவலை கமிட்டிக்கு இல்லை.

நேற்று செயலாளர் ஆசீர்வாதம் வந்தார்.

"பாஸ்டர் ஐயா, ஞாயித்துக்கெழம பிரசங்க பீடத்துல நின்னு மன்னிப்பு கேட்டுடுங்க. இல்லன்னா வேலையும் போயிடும், சபை வீட்டையும் காலி பண்ணணும்."

"எவ்ளோ நேரம் தருவீங்க?"

"மன்னிப்புக்கு அஞ்சு நிமிஷமே ஜாஸ்தி."

ஒப்புக்கொண்டேன். அவர் மகிழ்ந்துபோய் இரண்டாவது காபியும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அதே பிரசங்கத்தைக் கடிகாரம் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். நான்கு நிமிடத்தில் முடிகிறது. மீதி ஒரு நிமிடத்தில் மன்னிப்பும் கேட்பேன்: சுவருக்கு அப்பால் நானே புதைத்தவர்களிடம், பதினோரு வருடம் வாய் திறக்காமல் இருந்ததற்கு.

திங்கட்கிழமை காலை பண்ருட்டிப் பேருந்தில் வருகிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்
(வீடு ஞாயிறுவரைதான்)