மூன்று மாதம் வாய் திறக்காதே

திங்கள், ஜூன் 9

விடிந்ததிலிருந்து தூறல். பஸ்ஸில் வாந்தி எடுக்காமல் ஆஸ்பத்திரி வந்து சேர்ந்ததே பெரிசு.

கீமோ மருந்து கலக்கும் அறை. நானும் நந்தினியும். குப்பியிலிருந்து ஊசியை உருவும்போது சர்ரென்று பீச்சியது. மணிக்கட்டில் ஒரு சொட்டு. கிளவுஸுக்கும் கவுன் கைக்கும் நடுவில், தோல் தெரிந்த அந்த விரற்கடை இடத்தில். சோப்பு போட்டுக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன்.

"அக்கா, ரிப்போர்ட் எழுதணும்ல?"

"ஒரு சொட்டுதானே நந்தினி, விடு."

எழுதினால் இன்சார்ஜ் சிஸ்டர் முதலில் கேட்பது, மாசமா இருக்கியா என்றுதான்.

வாங்க: எலுமிச்சை, ரஸ்க், ஜெ. சட்டைக்குப் பட்டன்.

செவ்வாய்

தூக்கம் இல்லை. மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. நூறு தடவை பார்த்தாயிற்று.

அத்தையிடம் மெதுவாக ஆரம்பித்தேன், வேலை இடத்தில் சொல்லிவிடட்டுமா என்று. "மூணு மாசம் வாயத் தொறக்காதம்மா. போன தடவ நான்தான் சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு திரிஞ்சேன். கண்ணு பட்டுக் கலஞ்சு போச்சு." கண் கலங்கிவிட்டது அவங்களுக்கு. கோலாரிலிருந்து கொண்டு வந்த ஜெபமாலை கையில்.

அவங்க பிள்ளை ஜெ. கேட்டது: "டபுள் கிளவுஸ் போடுற இல்ல?" போடுகிறேன் என்றேன். நிம்மதியாகத் தூங்கிவிட்டார், மகராசன்.

போன தடவையும் நான் இதே அறையில்தான் இருந்தேன். கண்ணா பட்டது? தெரியாது. யாராலும் சொல்ல முடியாது. அதுதான் பயமே.

புதன்

மழை. டிரெயினிங்கில் டாக்டர் சொன்னது காதிலேயே நிற்கிறது. இந்த மருந்துகளில் சில செல்லுக்குள் போய் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும். செல் இரண்டாகப் பிரியும்போது நகல் தப்பாகும். தப்பு மிஞ்சினால் செல் சாகும், கட்டி கரையும். சாகாமல் தப்போடு பிழைத்தது பல வருஷம் கழித்து வேறொரு கேன்சராக வரலாம். கேன்சருக்குக் கொடுக்கிற மருந்தே! நோயாளிக்கு வேறு வழி இல்லை, அதனால் கொடுக்கிறோம். கலக்குகிறவள் தொடக்கூடாது.

வேகமாகப் பிரியும் செல்லைத்தான் அதிகம் அடிக்கும். அதனால்தான் முடி கொட்டுகிறது. என் வயிற்றில் இருப்பதைவிட வேகமாகப் பிரிவது எது?

சொல்லக்கூடாத மூன்று மாதமும் கை கால் உருவாகிற மூன்று மாதமும் ஒன்றேதான். இது அத்தைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்றைக்கு ஆறு மருந்து கலக்கினேன்.

நந்தினி மதியம் டப்பாவைத் திறக்கவே இல்லை. கேஸ்டிரிக்காம்.

வியாழன்

சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன்.

"ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? முன்னாடியே சொல்றதுக்கென்ன?" நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் சிஸ்டரே தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். நாளையிலிருந்து கீழே ஓபிடி. ஸ்கேனுக்கும் அவரே சொல்லி வைக்கிறார்.

பல நாளுக்குப் பிறகு பசி. கேன்டீனில் பிசிபேளே பாத், இரண்டு பிளேட்.

என் இடத்துக்கு ஆள் வரும்வரை எல்லா மருந்தும் நந்தினி தனியாக. உடை மாற்றும் அறையில் அவள் முகத்தைப் பார்த்தேன். கேட்காமலே புரிந்தது.

"எனக்கும்தான் அக்கா. போன வாரம்தான் தெரிஞ்சுது. யார்கிட்டயும் ஹேளபேடி, சொல்லிடாதீங்க. எங்கம்மா மூணு மாசம் சொல்லக்கூடாதுன்னாங்க."

"திங்கக்கிழமை என்ன ஆச்சுன்னு பார்த்தல்ல?"

"டபுள் கிளவுஸ் போட்டுக்கறேன் அக்கா."

வெள்ளி

மழை விட்டிருக்கிறது. ஓபிடியில் கூட்டம். இன்னும் கொஞ்ச நேரத்தில் மேலே நந்தினி முதல் குப்பியைத் திறப்பாள். என் அளவு கிளவுஸ்தான் அவளுக்கும். பெட்டியை நானே நேற்று அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

சொன்னால் ஜென்மத்துக்கும் என்னோடு பேசமாட்டாள். பேசாமல் போகட்டும். சிஸ்டர் ரூமுக்குப் போகிறேன்.