லாரி பின்பக்கமாக வீடு வந்த கதை

அன்பு மகன் பெரியவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் பேத்தியும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர, உங்கப்பாவின் வாயைத் தவிர, லாரியைத் தவிர எல்லாம் நலம். போனில் நீ கேட்கும்போதெல்லாம் உங்கப்பா "எல்லாம் நல்லபடியா போயிட்டிருக்குப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார், நான் பேச வாயெடுத்தால் போனில் சார்ஜ் இல்லை என்கிறார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். பேனாவுக்குச் சார்ஜ் வேண்டாம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், நான் படித்த படிப்புக்கு இதுவே அதிகம். ஞாபகம் மட்டும் கோணலில்லை, அது உனக்கே தெரியும்.

லாரி நின்றது வரைக்கும் உனக்குத் தெரியும். மாவு மில்லில் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது கியர் மாறாமல் இழுத்து இழுத்து, கடைசியில் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்று உன் தம்பி இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி, கை வலிக்காது கால் வலிக்காது என்று ஆசைப்பட்டு வாங்கினார்கள், இப்போது வீட்டில் எல்லாருக்கும் தலை வலிக்கிறது. மில் மேனேஜர் நல்ல மனுஷன்தான், ஆனால் அவரும் மில்லை ஓட்ட வேண்டாமா, "மாசம் பொறக்கிறதுக்குள்ள வண்டி வரலன்னா லோடை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அந்த லோடுதான் நம் வீட்டு அடுப்பு. அது போனால் நானும் உங்கப்பாவும் உன் தம்பி பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். உன் தம்பி மறுநாளே சொன்னான், ரெடியாகக் கட்டி வைத்த கியர் பெட்டி கிடைக்கிறது, நம் பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி மாட்டிவிடலாம், மக்கர் பண்ணினால் விற்றவன் பொறுப்பு என்று. அவனுக்கு அந்த அறிவு என் பக்கத்திலிருந்து வந்தது.

ஆனால் இந்த ஊரில் அந்தப் பெட்டியை விற்பது யார், உன் சித்தப்பா, என் தங்கச்சி புருஷன். அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோன அன்று அத்தனை பேர் நடுவில் உங்கப்பாவைப் பார்த்து "அண்ணன் வண்டி ஓட்டத்தான் லாயக்கு, ஸ்பேனரைக் கையில குடுத்தா முதுகு சொறிவாரு" என்று சொன்னார். அன்று அவர் போட்டிருந்த நீலச் சட்டையில் காலருக்குக் கீழே ஒரு பட்டன் இல்லை. அவர் சொன்னதைக்கூட நான் விட்டுவிடுவேன், என் கூடப் பிறந்தவள் அதற்குச் சிரித்தாள் பார், கையிலிருந்த தட்டு ஆடுகிற மாதிரி, அதை விடமாட்டேன். உங்கப்பா அவர் கடைப் படியை மிதிக்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துத்தான் நீ போன் பண்ணினாய். "ரெடிமேடெல்லாம் வாங்காதீங்கப்பா, எவன் எப்படிக் கட்டினானோ, நாமளே பிரிச்சுக் கட்டினா உள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியும், நான் வீடியோ அனுப்புறேன்" என்றாய். நாமளே என்றாயே, அந்த நாமளில் நீ எங்கே இருந்தாய் ராசா? நீ சுழல்கிற நாற்காலியில் இருந்தாய், நாங்கள் ஆயிலில் இருந்தோம். நீ பள்ளிக்கூடம் போகிற வயதில் என் தையல் மிஷினை உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகப் பிரித்தாய், திரும்ப மாட்டிவிட்டு ஒரு ஸ்க்ரூ அதிகமாக இருக்கிறது என்று என்னிடமே கொண்டுவந்து கொடுத்தாய், கம்பெனிக்காரன் தெரியாமல் ஒன்று அதிகமாகப் போட்டுவிட்டான் என்று விளக்கமும் சொன்னாய். அந்த ஸ்க்ரூ இன்னும் என் பொத்தான் டப்பாவில்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவன் சொன்ன யோசனையைக் கேட்டு உங்கப்பாவுக்கு இருபது வயது குறைந்துவிட்டது.

அப்புறம் என் வீடு வீடாக இல்லை. பெட்டியை இறக்கிப் பிரித்துச் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பினார்கள், நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், மேஜையில் கிடந்ததும் மாவு மில் லோடு மாதிரி நகரவில்லை. என் பெரிய அண்டாவில் கிளட்ச் தட்டுகளை ஆயிலில் ஊறப்போட்டார்கள், என் வடிகட்டியில் ஏதோ ஸ்பிரிங்கை அலசினார்கள், முட்டை அட்டையில் முட்டை இருக்க வேண்டிய குழியிலெல்லாம் வளையமும் வாஷரும் உட்கார்ந்திருந்தன. உள்ளே ஒரு தகட்டில் எறும்பு போகிற வழி மாதிரி வளைந்து வளைந்து பள்ளம் இருக்கிறது, அந்தப் பள்ளத்தில்தான் ஆயில் ஓடி எந்தக் கியர் என்று முடிவு பண்ணுமாம், அதில் ஒரு நூல் மாட்டினால்கூடப் போச்சாம். அதனால் துண்டால் துடைக்கக் கூடாது, நூல் விடாத துணி வேண்டும் என்று உங்கப்பா கேட்டார். உன் மாமியார் எனக்கு எடுத்துக் கொடுத்தாரே நைலான் புடவை, அதை உடனே கொடுத்துவிட்டேன். கட்டினால் வேர்த்துக் கொட்டும், மடித்தால் வழுக்கி விழும், இத்தனை வருஷம் கழித்து அதற்கும் ஒரு உபயோகம் வந்ததே என்று சந்தோஷப்பட்டேன், இதை அவரிடம் நீ சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும், உங்கப்பா கவனமாகத்தான் செய்தார். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார், ஒரு வளையத்தைப் போட்டுவிட்டு அதை நாலு தரம் தடவிப் பார்த்தார், என்னை இந்த வயதுவரை அப்படி ஒரு தரம் பார்த்ததில்லை. எல்லாம் முடிகிற நேரத்தில் அந்தப் பள்ளத்துத் தகட்டில் வைக்க வேண்டிய குண்டு ஒன்று குறைந்தது. பட்டாணியைவிடச் சின்னது, இரும்புக் குண்டு. உங்கப்பா மேஜைக்கு அடியில் பார்க்கவில்லை, தன் மடியைப் பார்க்கவில்லை, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீதானே காலையில இங்க பெருக்கின?" என்றார். நான் பெருக்கினேன், ஆனால் குண்டைப் பெருக்கவில்லை என்றேன். "பெருக்கினவளுக்கு எப்படித் தெரியும் எதைப் பெருக்கினோம்னு" என்று உன் தம்பி பெண்டாட்டி எதிரிலேயே கேட்டார். குப்பைக் கூடையை வாசலில் கொட்டிக் குச்சியால் கிளறினார்கள், எதிர்வீட்டுத் தையல்காரி வந்து "என்ன தொலைஞ்சது, தோடா?" என்று கேட்க, உங்கப்பா "வீட்டுல ஒருத்தர் கைக்கு நிதானம் தொலைஞ்சது" என்றார். நான் கொட்டின குப்பையைத் திரும்பக் கூடையில் அள்ளினேன். நான் கூடையைக் கீழே வைக்கிற சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

அந்தக் குண்டு ஒன்றுக்காக ஆர்டர் போட்டுக் காத்திருந்தால் மாசம் பிறந்துவிடும் என்று சைக்கிள் கடையில் போய்ப் பெடலுக்குள் போடுகிற பால்ரஸ் குண்டில் ஒன்றை வாங்கிவந்து போட்டார். உன் தம்பி ஒரு நூல் பெரிசா இருக்கேப்பா என்றான், "ஓட ஓடத் தேய்ஞ்சுக்கும்" என்றார் உங்கப்பா. செருப்பு வாங்கும்போது சொல்கிற பேச்சு. பெட்டியை ஏற்றினார்கள், ஆயில் ஊற்றினார்கள், ஸ்டார்ட் பண்ணியதும் வண்டி கிளம்பியது, தெருவே பார்க்க மில் பக்கமாக வெள்ளோட்டம் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தெருமுனையில் ஒரே ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் லாரியின் பின்பக்கம் நம் வீட்டை நோக்கி வருகிறது. பாதி வழியில் முன்னால் போகிற கியர் எதுவும் பிடிக்காமல் போய், ரிவர்ஸ் மட்டும்தான் விழுகிறதாம், உன் தம்பி ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே போட்டுக் கழுத்தைத் திருப்பி ஓட்டுகிறான், உங்கப்பா பின்னால், அதாவது முன்னால், துண்டை ஆட்டி வழி விலக்கிக்கொண்டே ஓடி வருகிறார். கடைத்தெரு பூராவும் அப்படியே வந்திருக்கிறார்கள். காய்கறிக்காரன் தள்ளுவண்டியை நகர்த்திவிட்டு "எங்க, போன வாரத்துக்குத் திரும்பிப் போறீங்களா?" என்று கேட்டானாம். நான் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

அன்று சாயங்காலம் உங்கப்பா வண்டியில் ஏறி, முன்னால் போ என்று ஆக்ஸிலேட்டரை மிதித்த மிதியில் கருகின வாடை வீட்டுக்குள் வரைக்கும் வந்தது. அண்டாவில் ஊறின தட்டெல்லாம் கருகியாயிற்று என்று உன் தம்பி தலையில் கை வைத்தான். நான் மறுநாள் துணி துவைக்க உட்கார்ந்தேன். உங்கப்பாவின் காக்கிச் சட்டையை அலசும்போது பையில் ஏதோ கடினமாக நெருடியது. பை பட்டனைக் கழற்றித் தலைகீழாக உதறினேன், பக்கெட்டில் டங்கென்று விழுந்தது. அந்தக் குண்டுதான். தொலைந்துவிடக் கூடாது என்று பத்திரமாகத் தன் பையில் போட்டுக்கொண்டு, பைக்குப் பட்டனும் போட்டுக்கொண்டு, அந்தக் கையோடு என்னைக் கேட்டிருக்கிறார். அதைத் துடைத்து ஒரு கிண்ணத்தில் போட்டு அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்த்தார். உன் தம்பியும் பார்த்தான், அவன் பெண்டாட்டி தண்ணீர் எடுக்கிற மாதிரி எழுந்து போய்விட்டாள். உங்கப்பா நிதானமாகக் கையைக் கழுவிவிட்டு என்ன சொன்னார் தெரியுமா, "இந்தச் சட்டையை நீ முன்னாடியே துவைச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றார். இந்த இடத்தில் காகிதம் கிழிந்திருந்தால் அது பேனாவின் தப்பில்லை.

மாசம் பிறக்க நாள் நெருங்கிவிட்டது. குண்டு கிடைத்தாலும் கருகின தட்டுக்கு என்ன செய்வது, இவர் மூலையில் உட்கார்ந்து உன் வீடியோவை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, உன் தம்பியையும், லாரியிலிருந்து திரும்ப இறக்கின நம் பெட்டியையும் வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு சித்தப்பா கடைக்குப் போனேன். லோடு போகிற நேரத்தில் எனக்குத் தங்கச்சி சிரிப்பு ஒரு பொருட்டா. அவள் அங்கேதான் கல்லாவில் இருந்தாள், வா அக்கா என்றாள், நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், நான் நின்றேன். உறவு விலை சொன்னார்கள், ஊர் விலையே கொடுத்தேன், நாளைக்கு ஒருத்தர் வாயில் விழக் கூடாது. பழைய பெட்டியை வாங்குமுன் திறந்து பார்ப்பது அவர்கள் வழக்கமாம், உன் சித்தப்பா என் எதிரிலேயே திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், நானும் எப்போது வாயைத் திறப்பார் என்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் அந்தப் பள்ளத்துத் தகட்டை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் "அக்கா, இதைக் கட்டினது யாரு, அண்ணனா? என் கடையில சம்பளம் வாங்குறவனுங்ககூட இவ்வளவு சுத்தமா கட்டமாட்டானுங்க. இந்தக் குண்டு ஒண்ணுதான் தப்பு, தட்டு கருகினதும் அதனாலதான், மத்தபடி கை வைக்க வேண்டிய இடமே இல்ல. அண்ணன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். தங்கச்சி சிரிக்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன்.

புதுப் பெட்டி மாட்டியாயிற்று, வண்டி முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு மில்லுக்குப் போகிறது, லோடு நம்மிடமே இருக்கிறது, இனி அதைப் பற்றி நீ கவலைப்படாதே. உங்கப்பாதான் லாரி பக்கமே போவதில்லை. சாப்பாட்டு மேஜையில் வெறும் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஸ்பேனர் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டார், குடிபோன அன்று சித்தப்பா சொன்னதுதான் சரி போலிருக்கிறது என்று உன் தம்பியிடம் சொன்னாராம். கடையில் சித்தப்பா சொன்னதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. உன் தம்பி வாயையும் கட்டி வைத்திருக்கிறேன். குண்டை நான் பெருக்கித் தள்ளவில்லை என்று அவர் தன் வாயால் ஒரு வார்த்தை, அதுவும் தையல்காரி காதில் விழுகிற மாதிரி சொல்லட்டும், அந்த நிமிஷமே சொல்லிவிடுவேன். நேற்று விளக்குமாறு என் கையில் இருந்தபோது ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி இருமினார், அப்புறம் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். எத்தனை நாள்தான் இப்படி இருப்பார் என்று நானும் பார்க்கிறேன், ஆனால் அந்த மனுஷன் வெறும் மேஜையைத் தடவுகிறதைப் பார்க்க முடியவில்லை, ஆகையால் ரொம்ப நாள் தாங்கமாட்டேன் என்று நினைக்கிறேன். நீ போனில் உளறிவைக்காதே, அது என் கையிலிருந்துதான் போக வேண்டும்.

பேத்தி உன் கைக்கடிகாரத்தைப் பிரித்துவிட்டாள் என்று மருமகள் சொன்னாள், குழந்தையை அடிக்காதே, உன்னை நான் அடிக்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு, வீடியோ அனுப்புவதை நிறுத்து. நீங்கள் மூவரும் நூறு வயது குறையில்லாமல் இருக்க வேண்டும், கையில் எடுத்த வேலை முழுசாக முடிய வேண்டும், ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது. இந்தக் கவரைப் பிரிக்கும்போது பார்த்துப் பிரி, மூலையில் பஞ்சு சுற்றி அந்தத் தையல் மிஷின் ஸ்க்ரூவை வைத்திருக்கிறேன். அடுத்த தடவை வரும்போது கொண்டுவந்து இருக்க வேண்டிய இடத்தில் மாட்டிவிட்டுப் போ.

எதையும் மறக்காத,
உன் அம்மா