அப்பாவுக்கு நீ அனுப்பிய வினைச்சொல்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அப்பாவும் நலம்னுதான் சொல்றார், அதை எவ்வளவு தூரம் நம்பலாம்னு கீழே படிச்சா உனக்கே தெரியும். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கு.

இதய அடைப்புக்கு ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து, லிஃப்ட் மெக்கானிக்காவே காலம் தள்ளின மனுஷன், ஓடிக்கிட்டிருக்கிற மிஷினைப் பிரிக்கக் கூடாதுன்னு ஒரே பிடியா நின்னார். நானும் ஊதுற சங்கை ஊதினேன். உன் அண்ணன் வந்து ஒரு பாட்டம் கத்திட்டுப் போனான். அப்புறம்தான் உன் மெயில் வந்தது. ஆபீஸ் பழக்கத்துல இங்கிலீஷ்லயே எழுதியிருந்தே, ஆபரேஷனுக்குச் சம்மதிக்கச் சொல்லி அப்பாவை 'எக்ஸார்ட்' பண்றேன்னு. அப்பா கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு, இது திட்டா மரியாதையான்னு என்னைக் கேட்டார். தொழிற்சாலை நோட்டீஸெல்லாம் மொழிபெயர்க்கிறவளாச்சே நான், தெரியாதுன்னு சொல்ல மனசு வரலை, அகராதியை எடுத்தேன். மனசார வற்புறுத்திச் சொல்றது, ஊக்கி ஒரு காரியத்துல இறக்கிவிடுறதுன்னு அர்த்தம். தளபதி படையைப் பார்த்துச் சொல்வாராம், பிரசங்கம் பண்றவர் கூட்டத்தைப் பார்த்து. எங்க நிர்வாகமும் ஹெல்மெட் போடச் சொல்றப்ப இதைத்தான் எழுதும், நான் 'கேட்டுக்கொள்கிறோம்'னு முடிச்சுடுவேன். வீட்டுக்குள்ள யாரும் யார்கிட்டயும் இப்படிப் பேசுறதில்லை. லத்தீன்லேர்ந்து வந்த சொல்லாம். இன்னும் அடியில போனா, விரும்புறது, வேணும்னு ஆசைப்படுறதுங்கிற வேர்ல போய் நிக்குதுன்னு போட்டிருந்தது.

எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினேன். நான் என்ன போருக்கா போறேன்னு அப்பா சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை. டாக்டர் சொல்றார், பிள்ளைங்க பயப்படுது, நாலு பேர் என்ன பேசுவாங்க, இதைத்தான் இத்தனை நாளும் சொல்லிக்கிட்டிருந்தேன், எனக்கு என்ன வேணும்னு வாயைத் திறக்கலை. அகராதியை மூடி வெச்சுட்டு, "எனக்கு நீங்க வேணும்"னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல சொல்லாத பேச்சு, கூச்சமாத்தான் இருந்தது. அவர் "இதை யாரும் சொல்லலையே"ன்னார். அப்புறம் ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைக்கப் பரண்மேல இருந்த பெட்டியை எடுக்கக் கிளம்பினார், ஏணியில ஏற விடாம நானே ஏறி எடுத்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை ஆபரேஷன். நல்லபடியா முடியும்கிறார் டாக்டர், எனக்குப் பயமாத்தான் இருக்கு. நீ நல்லா இருக்கணும், தொட்ட காரியம் துலங்கணும். ஞாயித்துக்கிழமை மறக்காம அப்பாவுக்குப் போன் பண்ணு. புத்திமதி எதுவும் வேண்டாம். அப்பா வேணும்னு சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா